கொமிட் குழம்பினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

மட்டக்களப்பில் இருந்துகொண்டு நாலைந்து சின்ன மென்பொருள் திட்டங்களைப் பராமரிக்கிறேன். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகள் சிலர் என்னோடு சேர்ந்து வேலை பழகுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு போனாவது வரும்: "அண்ணே, கிட் குழம்பிட்டு." கிட் என்பது கோட் பைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. அப்படி ஒரு பதிவுதான் கொமிட், அதோடு எழுதும் குறிப்பு மெசேஜ், அவற்றின் பட்டியல் லொக். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. திரையில் என்ன நிற்கிறது என்று கேட்டால் வாசித்துக் காட்டுவார்கள். ஆகவே இந்தக் குறிப்பும் திரையில் நிற்பதை வைத்தே போகிறது. முதல் பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள். பிறகு உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய்விடலாம்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிப்பது ஆங்கிலத்தில். கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் இங்கே உள்ளபடியே. "புள்ளி" என்று சொல்லாக எழுதியிருக்கும் இடத்திலும் . குறியை அடியுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

கிட் ஸ்டேட்டஸ்
கிட் லொக் --வன்லைன் -10

இவை இரண்டும் ஒன்றையும் மாற்றாது. எந்தப் பிரான்சில் (வேலையின் எந்தக் கிளையில்) நிற்கிறீர்கள், எது கொமிட் ஆகியிருக்கிறது, எது ஆகவில்லை என்று மட்டும் காட்டும். எனக்குப் போன் எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த இரண்டு வரியை வாசித்ததுமே விடை தெரிந்துவிடுகிறது.

அடுத்து ஒரு காவல் போடுங்கள்:

கிட் பிரான்ச் காவல்

இப்போது நிற்கும் கொமிட்டுக்கு இன்னொரு பெயர் கிடைக்கிறது. இதற்குப் பிறகு என்ன வெட்டினாலும் அந்த இடத்துக்குத் திரும்பி வரலாம். கொமிட் செய்யாத மாற்றம் இருந்தால் இந்தக் காவல் அதைப் பிடிக்காது. அப்போது முழுப் போல்டரையும், மறைந்திருக்கும் புள்ளி கிட் போல்டரோடு சேர்த்து, வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணிவிடுங்கள். பழைய வழிதான், ஆனால் கைவிடாது.

மூன்றாவதாக ஒரு கேள்வி: புஷ் செய்தாயிற்றா, அதாவது கொமிட்டைச் செர்வருக்கு அனுப்பியாயிற்றா? கீழே எல்லா இடத்திலும் வழி பிரிவது இந்தப் பதிலில்தான். புஷ் ஆகாத கொமிட் உங்கள் வீட்டு விஷயம். வெட்டலாம், ஒட்டலாம், பெயர் மாற்றலாம். புஷ் ஆகி, மற்றவர்களும் இழுத்துக்கொண்டு போய்விட்டால் அதைத் திருத்தக் கூடாது. அதற்கு மேலே இன்னொரு கொமிட் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி: லொக்கைத் திறந்தால் "அப்டேட்", "ஃபிக்ஸ்", "ஃபைனல்", "ஃபைனல் 2"

*எடிட்டர் பயம்.* அனேகமாகக் காரணம் இதுதான். கிட் கொமிட் என்று மட்டும் அடித்தால் பல மெசின்களில் விம் என்ற எடிட்டர் திறக்கும். எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் ஒருதரம் மாட்டியவர்கள், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, மெசேஜைக் கட்டளையிலேயே கொடுக்கும் -எம் போட்டு ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். விம்மிலிருந்து வெளியேற: எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ, என்டர். அந்தச் சண்டையே வேண்டாமென்றால் விஎஸ் கோட் எடிட்டரைக் காட்டிக் கொடுங்கள்:

கிட் கொன்ஃபிக் --குளோபல் கோர்.எடிட்டர் "கோட் --வெயிட்"

அந்த --வெயிட் இல்லாவிட்டால் விஎஸ் கோட் திறந்த உடனேயே, மெசேஜ் வெறுமையாக இருக்கிறது என்று கிட் கொமிட்டை நிறுத்திவிடும். அதுவும் எனக்கு வரும் போன்களில் ஒன்று.

*என்ன எழுதுவதென்று தெரியவில்லை.* முதல் வரியில் இந்தக் கொமிட் என்ன செய்கிறது என்பதை ஏவலாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் 50 எழுத்துக்குள் என்பது வழக்கம். ஒரு வரி வெறுமையாக விட்டு, அதன் கீழே ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள், வரிக்கு 72 எழுத்தளவில். எதை மாற்றினீர்கள் என்பதை, முன்னும் பின்னும் ஒப்பிடும் டிஃப் காட்டிவிடும். ஏன் மாற்றினீர்கள் என்பது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

நெல் ஆலை ஒன்றுக்கான கணக்குப் புரோகிராமில் வந்தது இது:

"ஈரக் கழிவை 14 சதவீதத்துக்கு மேல் மட்டும் கணி"

"காய்ந்த நெல்லுக்குக் கழிவு மைனஸில் போய், நிறை கூடுகிறது. 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் கழிவு சைபர்."

இதே கொமிட் முதலில் "ஃபிக்ஸ்" என்று வந்தது. நான் திருப்பி அனுப்பினேன். அது ஏன் என்பதற்குக் கீழே ஒரு கதை இருக்கிறது.

தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். குழுவில் எல்லோரும் தமிழ் வாசிப்பார்கள் என்றால் தாராளமாக. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களோடு சேர்ந்து செய்யும் திட்டம் என்றால் ஆங்கிலம். ஒரே ரிப்போவில் (கிட் பார்த்துக்கொள்ளும் திட்டப் போல்டரில்) கலக்க வேண்டாம், பிறகு லொக்கில் தேடும்போது இரண்டு மொழியிலும் தேட வேண்டிவரும். 50 எழுத்துக் கணக்கைத் தமிழுக்குக் கறாராகப் பிடிக்காதீர்கள். "கொ" நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு அது இரண்டு குறி.

*திருத்த:* கடைசிக் கொமிட் மட்டும், புஷ் ஆகவில்லை என்றால் கிட் கொமிட் --அமெண்ட். கடைசி ஐந்து என்றால் கிட் ரீபேஸ் -ஐ ஹெட்~5 (ஹெட் என்றால் இப்போது நிற்கும் கொமிட்). வரும் பட்டியலில் மாற்ற வேண்டிய வரியின் முன்னால் உள்ள பிக் என்பதை ரீவேர்ட் ஆக்கிச் சேமியுங்கள். குழம்பினால் கிட் ரீபேஸ் --அபோர்ட். தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

புஷ் ஆகிவிட்டதா? அசிங்கமான மெசேஜோடு விட்டுவிடுங்கள். ஒரு சொல்லுக்காக ஐந்து பேருடைய வேலையைக் குழப்பத் தேவையில்லை.

அறிகுறி: ஒரே கொமிட்டில் நாற்பது பைல்

ஒரு மாசிமாதம், வேளாண்மை வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். ஆலைக் காசாளர் போனில் வந்தார். "தம்பி, காஞ்ச நெல்லுக்கு உங்கட புரோகிராம் நிறை கூட்டிக் குடுக்குது." 60 கிலோ மூடையில் ஈரம் 12 சதவீதம் என்று போட்டால் 1.2 கிலோ கூடி வருகிறது. நெல் கொண்டுவந்த ஆட்கள் யாரும் முறைப்பாடு செய்யவில்லை. செய்வார்களா? வாசலில் லொறிகள் வரிசையில் நிற்க, அந்த மனிதர் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்.

போன போகத்தில் சரியாக வேலை செய்த புரோகிராம். இடையில் 60 சொச்சம் கொமிட். கிட் பைசெக்ட் ஸ்டார்ட் அடித்து, நல்ல கொமிட் எது கெட்டது எது என்று சொல்லிக்கொண்டே போனால், ஒவ்வொரு சோதனைக்கும் பட்டியல் பாதியாகும். ஆறு சோதனையில் குற்றவாளி பிடிபட்டது. மெசேஜ்: "அப்டேட்". 43 பைல். ஏறக்குறைய எல்லாப் பைலிலும் எல்லா வரியும் மாறியிருந்தது.

நடந்தது இதுதான். ஒரு தம்பி, கோடைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஃபோர்மாட்டரை நிறுவியிருக்கிறார். அது டாப்பை எல்லாம் இடைவெளியாக்கிவிட்டது. அதே நாளில் ஈரக் கணக்கில் "தேவையில்லாத" ஒரு நிபந்தனையையும் எடுத்திருக்கிறார். பிறகு கிட் அட் புள்ளி, கிட் கொமிட், வீட்டுக்குப் போயாயிற்று. பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான்தான். 43 பைலை யார் வாசிப்பது என்று மேலாகப் பார்த்துவிட்டு விட்டேன். அந்தக் கொமிட்டை, இடைவெளி மாற்றத்தைக் கணக்கில் எடுக்காத -டபிள்யூ போட்டுப் பார்த்தபோது 43 பைல் நாலாகச் சுருங்கியது. நாலாவதில் ஒரே ஒரு வரி. இஃப் ஈரம் பெரிது 14.

உங்களுக்கும் இந்த அறிகுறி என்றால், இந்த ஒழுங்கில் பாருங்கள்.

*வெறும் இடைவெளி மாற்றமா?* கிட் டிஃப் --ஸ்டாட், பிறகு கிட் டிஃப் -டபிள்யூ --ஸ்டாட். முதலாவதில் 40 பைலும் இரண்டாவதில் மூன்றும் வந்தால் ஃபோர்மாட்டர் வேலை. ஃபோர்மாட்டரைத் தனிக் கொமிட்டாகப் போடுங்கள், அதில் வேறொன்றையும் கலக்காதீர்கள்.

*வரி முடிவா?* கை வைக்காத பைல்கூட முழுக்க மாறியதாகக் காட்டும். கூடிய வரியும் குறைந்த வரியும் ஒரே எண்ணாக இருக்கும். வரி முடிவை வேறு வேறு குறியில் எழுதும் விண்டோஸ் லெப்டொப்பும் லினக்ஸ் செர்வரும் சேர்ந்த இடத்தில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சோதனை:

கிட் டிஃப் --இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல்

இது வெறுமையாக வந்தால் நோய் உறுதி. ரிப்போவின் மேல் மட்டத்தில் புள்ளி கிட்அட்ரிபியூட்ஸ் என்றொரு பைல் வைத்து, அதற்குள் "* டெக்ஸ்ட்=ஓட்டோ" என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு கிட் அட் --ரீநோர்மலைஸ் புள்ளி. இதையும் தனிக் கொமிட்டாக. மற்றவர்கள் கையில் முடியாத வேலை இருக்கும் நாளில் செய்யாதீர்கள், எல்லோருக்கும் மோதல் (ஒரே வரிக்கு இரண்டு மாற்றம்) வரும்.

*பென்டிரைவ் வழியாக வந்த போல்டரா?* டிஃப்பில் உள்ளடக்கம் ஒன்றும் இல்லாமல் "ஓல்ட் மோட் 100644, நியூ மோட் 100755" என்று மட்டும் நிற்கும். பைலின் அனுமதிக் குறி மட்டும்தான் மாறியிருக்கிறது. கிட் கொன்ஃபிக் கோர்.பைல்மோட் ஃபோல்ஸ். முடிந்தது.

*தானாக உருவாகும் குப்பையா?* நோட் மொடியூல்ஸ், பில்ட் போல்டர் போன்றவை. புள்ளி கிட்இக்னோரில் இப்போது எழுதினாலும், ஏற்கெனவே உள்ளே போனதை அது கண்டுகொள்ளாது. கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்ட் என்று போல்டர் பெயரைக் கொடுத்து வெளியே எடுங்கள். பைல் உங்கள் டிஸ்கில் அப்படியே இருக்கும், ரிப்போவில் இருந்துதான் போகும்.

*உண்மையிலேயே மூன்று வேலையைக் கலந்துவிட்டீர்களா?* இதற்குப் பொறுமை வேண்டும். இன்னும் கொமிட் செய்யவில்லை என்றால்:

கிட் அட் -பி

ஒவ்வொரு துண்டாகக் காட்டிக் கேட்கும். வை என்றால் சேர், என் என்றால் விடு, எஸ் என்றால் இன்னும் சிறிதாக உடை, கியூ என்றால் போதும். முதல் வேலைக்குரிய துண்டுகளை மட்டும் சேருங்கள். கிட் டிஃப் --ஸ்டேஜ்ட் போட்டு, சேர்ந்தது சரியா என்று கண்ணால் பாருங்கள். கொமிட். பிறகு இரண்டாவது வேலைக்கு மறுபடியும் -பி. முதல் நாள் எரிச்சலாக இருக்கும். ஒரு கிழமை பழகினால், சேர்க்கும்போதே தன் பிழை தனக்குத் தெரியத் தொடங்கும். மறந்துபோன பிரிண்ட் வரிகள்தான் அதிகம் பிடிபடும்.

ஏற்கெனவே கொமிட் ஆகி, புஷ் ஆகவில்லை என்றால் கிட் ரீசெட் ஹெட்~1. கொமிட் கழன்றுவிடும், மாற்றங்கள் பைலிலேயே இருக்கும். பிறகு மேலே சொன்ன -பி. ரீசெட்டுக்குப் பக்கத்தில் --ஹார்ட் போடாதீர்கள். அது மாற்றங்களையும் சேர்த்து அழிக்கும். இணையத்தில் கண்டதைக் கொப்பி பண்ணும்போது இந்த ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள்.

எத்தனை கொமிட்டாகப் பிரிப்பது? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மெசேஜின் முதல் வரியில் "அத்தோடு" என்ற சொல் தேவைப்பட்டால், அது இரண்டு கொமிட்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* கலப்படக் கொமிட் மெயின் பிரான்சுக்குப் போய், அதற்கு மேல் மற்றவர்கள் வேலை செய்துவிட்டார்கள், அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாக வேண்டும். கிட் ரிவேர்ட் முழுக் கொமிட்டையும் புரட்டும், பாதியைப் புரட்டாது. ரிப்போவைப் பொறுப்பாகப் பார்க்கும் மூத்தவரோடு பக்கத்தில் இருந்து செய்யுங்கள்.

அறிகுறி: பதினைந்து குட்டிக் கொமிட், பாதி "சேவ்"

கரண்ட் போகும் என்ற பயத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கொமிட் செய்பவரை நான் குறை சொல்லமாட்டேன். செய்யுங்கள். அதை அப்படியே மெயினுக்கு அனுப்புவதுதான் பிழை. புஷ் செய்ய முன்னர் கிட் ரீபேஸ் -ஐ ஹெட்~15. முதல் வரியை பிக்காக விட்டு, அதனோடு சேர வேண்டியவற்றின் முன்னால் ஃபிக்ஸப் என்று போடுங்கள். அவற்றின் மெசேஜ் மறைந்து, வேலை மட்டும் ஒன்றாகும். ஸ்குவாஷ் என்றால் மெசேஜையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கும்.

உங்கள் சொந்தப் பிரான்சில் ஏற்கெனவே புஷ் செய்தாயிற்றா, அதில் வேறு யாரும் இல்லையா? ரீபேஸ் செய்துவிட்டு கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ். வெறும் --ஃபோர்ஸ் வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் யாராவது அதில் ஒன்று போட்டிருந்தால் லீஸ் உள்ளது நின்றுவிடும், மற்றது மிதித்துக்கொண்டு போகும்.

அறிகுறி: லொக் முழுக்க "மேர்ஜ் பிரான்ச் மெயின் ஒஃப்…"

செர்வரில் இருந்து இழுக்கக் கிட் புல் அடிக்கும்போதெல்லாம், இரண்டு பக்கத்தையும் ஒட்டும் ஒரு மேர்ஜ் கொமிட் விழுகிறது. உங்கள் கொமிட்களை வந்தவற்றின் மேல் தூக்கி வைக்கும் கிட் புல் --ரீபேஸ் பழகுங்கள், அல்லது கிட் கொன்ஃபிக் --குளோபல் புல்.ரீபேஸ் ட்ரூ. பழையவற்றை விட்டுவிடுங்கள்.

ஒரு பொறி மட்டும்: ரீபேஸில் மோதல் வந்தால் "அவர்ஸ்" என்பது செர்வரில் இருந்து வந்தது, "தெயர்ஸ்" என்பது உங்களுடையது. மேர்ஜில் இருப்பதற்குத் தலைகீழ். பட்டனைப் பார்த்து அமத்தாமல், உள்ளே இருக்கும் வரிகளைப் பார்த்து முடிவெடுங்கள்.

அறிகுறி: நான் செய்த வேலை வேறு ஆள் பெயரில் நிற்கிறது

ஒரு லெப்டொப்பை அண்ணனும் தங்கையும், அல்லது போர்டிங்கில் மூன்று பேரும் பாவிக்கும் இடங்களில் இது சாதாரணம். முதலில் நிறுவியவர் பெயர் குளோபலாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை இறுதியாண்டுத் திட்டத்தில் நாலு பேர் வேலையும் ஒருவர் பெயரில் நின்றது. மதிப்பீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அழுகைக் குரலில் போன் வந்தது.

கிட் கொன்ஃபிக் யூசர்.ஈமெயில் என்று அடித்து, என்ன வருகிறது என்று பாருங்கள். பிழை என்றால், அந்த ரிப்போவுக்குள் நின்றுகொண்டு --குளோபல் இல்லாமல் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். ரிப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் பதிந்த மின்னஞ்சலையே கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கணக்கில் வேலை செய்த நாளைக் காட்டும் பச்சைக் கட்டம் விழாது.

கடைசிக் கொமிட்டைத் திருத்த: கிட் கொமிட் --அமெண்ட் --ரீசெட்-ஓதர் --நோ-எடிட். புஷ் ஆன பழையவற்றுக்கு, வரலாற்றைத் தொடாமல் ஒரு வழி உண்டு. புள்ளி மெயில்மேப் என்ற பைலில் எந்த மின்னஞ்சல் யாருடையது என்று எழுதினால், கிட் ஷோர்ட்லொக் அதை வைத்துப் பெயரை மாற்றிக் காட்டும். மூன்று பேர் ஒரே பெயர், ஒரே மின்னஞ்சலில் செய்திருந்தால் இதனால் பிரிக்க முடியாது. அந்த நாலு பேரும் யார் எதைச் செய்தார்கள் என்று எழுதி, எல்லோரும் கையொப்பம் வைத்து விரிவுரையாளரிடம் கொடுத்தார்கள். அதற்குக் கிட்டில் கட்டளை இல்லை.

அறிகுறி: ஸ்டேட்டஸில் பைல் பெயருக்குப் பதில் \340\256 என்று எண்கள்

பயப்பட ஒன்றுமில்லை. பைலுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்கள், கிட் அதை பைட்டாகக் காட்டுகிறது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அதன் தொடக்கம்தான் அந்த 340.

கிட் கொன்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபோல்ஸ்

அதற்குப் பிறகும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் டேர்மினலின் எழுத்துருவில் தமிழ் இல்லை. கிட்டில் பிழையில்லை.

அறிகுறி: கொமிட் காணாமல் போய்விட்டது

*வேறு பிரான்சில் நிற்கிறீர்களா?* கிட் பிரான்ச் அடித்து, நட்சத்திரக் குறி எதில் என்று பாருங்கள். பாதித் தரம் இதுதான்.

*"டிடாச்ட் ஹெட்" என்று எங்காவது வந்ததா?* பழைய கொமிட் ஒன்றைப் பார்க்கப் போய், அங்கேயே வேலை செய்திருக்கிறீர்கள். இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள் என்றால் கிட் சுவிட்ச் -சி என்று ஒரு புதுப் பெயர் கொடுங்கள், எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

*ஹார்ட் ரீசெட் செய்தீர்களா, ரீபேஸில் நழுவியதா?* கிட் ரெஃப்லொக். நீங்கள் நின்ற இடமெல்லாம் வரிசையாக வரும். தொலைந்த கொமிட்டின் வரியில் முன்னால் நிற்கும் ஏழெழுத்து அடையாளத்தை எடுத்து, கிட் பிரான்ச் மீட்பு என்று எழுதி அதன் பக்கத்தில் கொடுங்கள். எந்தப் பிரான்சிலும் சேராத கொமிட்டை ரெஃப்லொக் வழக்கமாக 30 நாள் நினைவில் வைத்திருக்கும். ஆகவே இன்றைக்கே தேடுங்கள். இது அந்த லெப்டொப்பில் மட்டும்தான். செர்வரில் இருந்து புதிதாகக் குளோன் செய்த (முழுப் பிரதி இறக்கிய) இடத்தில் பழைய ரெஃப்லொக் இருக்காது.

*கொமிட்டே செய்யவில்லையா?* கிட் அட் வரைக்கும் போயிருந்தால் கிட் எஃப்எஸ்சிகே --லொஸ்ட்-ஃபவுண்ட் சில துண்டுகளைத் தரும், பெயர் இல்லாமல். அட் கூடச் செய்யாததைக் கிட்டிடம் கேட்டுப் பயனில்லை. விஎஸ் கோடில் அந்தப் பைலைத் திறந்து இடப்பக்கம் கீழே டைம்லைன் என்பதைப் பாருங்கள். சேமித்த பழைய பிரதிகள் அங்கே கிடக்கலாம். அந்த இடத்தில் இரண்டு பேருடைய முழு நாள் வேலை கிடைத்திருக்கிறது.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு "ஒப்ஜெக்ட் பைல் இஸ் எம்ப்டி"

கிட் எழுதிக்கொண்டிருந்த நொடியில் மெசின் நின்றிருக்கிறது. பற்றரி செத்த லெப்டொப்பைச் சார்ஜரில் போட்டு ஓட்டுபவர்களுக்கு வரும் நோய் இது. நம் பக்கத்தில் அப்படி எத்தனை லெப்டொப்!

உடனே எதையும் அழிக்காதீர்கள். "அந்தப் பைலை டிலீட் பண்ணினால் சரி" என்று எங்காவது இருக்கும். சில நேரம் சரி, சில நேரம் இருந்ததும் போகும். முதலில் முழுப் போல்டரையும் கொப்பி. அடுத்து கிட் எஃப்எஸ்சிகே --ஃபுல், சேதம் எவ்வளவு என்று சொல்லும்.

நேற்று வரைக்கும் புஷ் செய்திருந்தால் கவலையில்லை. வேறு போல்டரில் புதிதாகக் குளோன் செய்யுங்கள். பழைய போல்டரில் இருந்து, புள்ளி கிட்டைத் தவிர்த்து, மற்ற எல்லாவற்றையும் அதன் மேல் கொப்பி பண்ணுங்கள். இன்றைய கொமிட்களின் பிரிப்பு போய்விடும், வேலை போகாது. -பி போட்டு மறுபடி பிரித்துக்கொள்ளலாம். டேட்டா கார்டில் இருப்பவர்கள் குளோனுக்கு --டெப்த் 1 கொடுத்தால் வரலாறு இல்லாமல் சிறிதாக இறங்கும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* ஒரு கிழமையாகப் புஷ் செய்யவில்லை, எஃப்எஸ்சிகே பல வரிகளைக் கொட்டுகிறது. அந்தக் கொப்பியோடு கிட் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் போங்கள். கரண்ட் போகாமலே இந்தப் பிழை இரண்டாவது தரம் வந்தால் விஷயம் வேறு, டிஸ்க் பழுதாகிறது. அதில் மேற்கொண்டு ஒன்றையும் எழுதாமல், கொப்பி எடுத்துக்கொண்டு திருத்துபவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: புஷ் மறுக்கப்படுகிறது

"நொன்-பாஸ்ட்-ஃபோர்வேர்ட்" என்றால் அனேகமாக உங்களுக்கு முன் யாரோ புஷ் செய்துவிட்டார்கள். கிட் புல் --ரீபேஸ், பிறகு புஷ். ஃபோர்ஸ் போட்டுத் தள்ளாதீர்கள்.

பைல் பெரிது என்று வந்தால், கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட பைலை ஏற்காது. இப்போது அதை டிலீட் செய்து இன்னொரு கொமிட் போட்டாலும் புஷ் போகாது, பழைய கொமிட்டுக்குள் அது இன்னும் இருக்கிறது. கடைசிக் கொமிட்டில் என்றால் கிட் ஆர்எம் --கேஷ்ட், பிறகு அமெண்ட். கடைசியில் இருந்து நாலாவது கொமிட்டில் என்றால் கிட் ரீசெட் --சொஃப்ட் ஹெட்~4, பெரிய பைலை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி கொமிட்.

அறிகுறி: பாஸ்வேர்ட் உள்ளே போய்விட்டது

புஷ் ஆகவில்லையா, கடைசிக் கொமிட்டிலா? புள்ளி கிட்இக்னோரில் அந்தப் பைலைச் சேருங்கள், கிட் ஆர்எம் --கேஷ்ட் போட்டு அதை வெளியே எடுங்கள், பிறகு அமெண்ட். அவ்வளவுதான்.

புஷ் ஆகிவிட்டது என்றால் கிட்டைத் தொடாதீர்கள். முதலில் அந்தப் பாஸ்வேர்டை, அல்லது செர்வரைத் திறக்கும் ரகசியக் குறியான சாவியை மாற்றுங்கள். பிறகுதான் மற்றது. ரிப்போ பொதுவில் இருந்தால் யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொதுவில் திறந்திருக்கும் ரிப்போக்களைச் சாவிக்காகவே துழாவும் புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. "உடனே டிலீட் பண்ணிட்டன் அண்ணே" என்பார்கள். டிலீட் செய்த கொமிட்டுக்கு முந்தைய கொமிட்டில் அது அப்படியே நிற்கும்.

தனியார் ரிப்போ என்றாலும் மாற்றத்தான் வேண்டும். குளோன் செய்த ஒவ்வொரு லெப்டொப்பிலும் அது இருக்கிறது.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* இந்த அறிகுறியில் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கள். சாவி யாருடைய செர்வருடையதோ அவருக்கு, கட்டணம் விழும் கணக்கு என்றால் காசு கட்டுபவருக்கும். வரலாற்றில் இருந்து முழுதாக நீக்க கிட் ஃபில்டர்-ரீப்போ என்ற கருவி உண்டு. அதை ஓட்டினால் அந்தப் பைல் நுழைந்த இடத்தில் இருந்து எல்லாக் கொமிட்டின் அடையாளமும் மாறும், குழுவில் எல்லோரும் புதிதாகக் குளோன் செய்ய வேண்டும், ஒருவர் பழையதில் இருந்து புஷ் செய்தாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும். தனி ஆளாக இரவு 11 மணிக்குச் செய்யும் வேலையல்ல.

போன வருடம் ஒரு தம்பி எல்லாம் ஒழுங்காகச் செய்தார். பத்து நிமிடத்தில் சாவியை மாற்றினார், செர்வர்காரருக்குச் சொன்னார், புள்ளி கிட்இக்னோரையும் திருத்தினார். பிறகு, சரியா என்று பார்க்கச் சொல்லி, புதுச் சாவியை முப்பது பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அதையும் மாற்றினோம்.